அக்கரைக் காட்டின் பேறுகால ஓய்வு

ஓடைக்கரைத் தாழம்புதரில் ஒரு பெண் கீரி காவல் வேலை பார்த்தது. நீர்க்கோழிகளின் முட்டைகளைப் பாம்புகள் தொடாமல் காப்பது அதன் வேலை. கீரிக்கும் முட்டை பிடிக்கும். ஆனால் தினமும் கூலியாக எலி வந்ததால், அந்த விருப்பத்தை அது வெளியே சொல்லவில்லை.

கீரி கருவுற்றது. காட்டுத் தலைவர் கரடி, "குட்டிகள் கண் திறக்கும் வரை உனக்கு விடுப்பு! எலி உன் வளைக்கே வரும்!" என்று அறிவித்தார்.

அன்று மாலையே அக்கரை நரி வந்தது.

"கண் திறக்கும் வரைதானா? ஐயோ பாவம், தங்கச்சி! எங்கள் காட்டுக்கு வந்துவிடு. குட்டிகள் தானே வேட்டையாடும் வரை பேறுகால ஓய்வு! தினமும் இரண்டு எலி!"

கீரிக்கு மூக்கு அரித்தது. நல்ல செய்தி சொல்ல வந்தவன் எதற்கு முட்டைகளையே பார்க்கிறான்?

"யோசித்துச் சொல்கிறேன், அண்ணே!" என்றது.

நரி போனதும், "நான் வரும் வரை யாரும் கூட்டைவிட்டு எழக்கூடாது!" என்று நீர்க்கோழிகளிடம் சொல்லிவிட்டு, விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஓடி ஓடையைக் கடந்தது.

அக்கரையில் ஒரு புனுகுப்பூனை குட்டிகளோடு படுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு எலிகள். நரி சொன்னது உண்மைதான்! கீரிக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

"காவலில் தாய்மார் ஒருவரையும் காணோமே, அக்கா?"

"எல்லோரும் ஓய்வில் இருக்கிறோம்."

"குட்டிகள் வளர்ந்துவிட்டால்?"

"எலி நின்றுவிடும், ஓய்வு நிற்காது. நான் காவல் பார்த்த மரத்தில் இப்போது வேறொருவன். கேட்டால், 'ஓய்வு கொடுத்தாயிற்றே!' என்கிறார்கள்."

கீரி ஒரே ஓட்டமாய்த் திரும்பியது. தாழம்புதருக்குள்ளிருந்து ஒரு நரிவால் நீட்டிக்கொண்டிருந்தது. நீர்க்கோழிகள் முட்டைகளின்மேல் உட்கார்ந்தபடியே அலறின. கீரி வாலைக் கவ்வியது. நரி ஓடைக்குள் விழுந்தது.

"நான் பொய் சொன்னேனா? ஓய்வு என்றுதானே சொன்னேன்!" என்று தண்ணீரிலிருந்து கத்தியது.

"விடுப்பு என்று சொல்லவில்லையே! நீ சொல்லாமல் விட்டதுதான் என் காதில் விழுந்தது!"

கீரிக்கு இப்போது சொந்தக் காட்டின்மேலும் சந்தேகம் வந்தது. பாதி நீர்க்கோழிகளை முட்டைகளின்மேல் இருத்திவிட்டு, மீதியைக் கூட்டிக்கொண்டு நேரே கரடியிடம் போனது.

"தலைவரே, விடுப்பு முடிந்ததும் தாழம்புதர் எனக்குத்தானே?"

கரடி தேன் நக்குவதை நிறுத்தினார். "அது... அப்போது பார்ப்போம்."

"பார்க்க வேண்டாம், சொல்லுங்கள். இவர்கள் கேட்கட்டும்!"

நீர்க்கோழிகள் கழுத்தை நீட்டின.

"உனக்குத்தான்!" என்றார் கரடி.

அதன்பிறகே கீரி பிரசவத்துக்குப் போய்ப் படுத்தது.

யார் கொடுக்கும் சலுகையானாலும், அது எவ்வளவு பெரியது என்று அளக்குமுன், திரும்பி வர இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.