மூன்று மருமகன்கள் கியர்பாக்ஸ் வாங்கப் போனது

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் வையாபுரி என்பவருக்கு மூன்று மருமகன்கள். நாச்சிமுத்து, ராக்கியப்பன், செல்லக்குமார். மூவரும் நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கஷ்டமே அதுதான்.

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். அவருடைய அந்தக் காலத்து வெளிநாட்டுக் காரில்தான் கோயிலுக்கு ஊர்வலம். பத்து நாள் இருக்கையில் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உயிரை விட்டது. புதுசு எங்கும் கிடைக்காது. கோயமுத்தூர் பழைய சாமான் கடையொன்றில் அதே ரகப் பெட்டி இருப்பதாகத் தகவல் வந்தது. மெக்கானிக் தாவூது பாய்க்கோ இடுப்புப் பிடிப்பு. படுத்தபடியே விவரம் சொன்னார்.

“மாட்டினப்புறம் அழுது பிரயோசனமில்லை, மாப்ளைகளா. மொதல்ல எண்ணெயை மோந்து பாருங்க. கருகல் வாடை வந்தா வேண்டாம். எண்ணெய்ச் சட்டியில காந்தம் வெச்சுப் பாருங்க. இரும்பு ஒட்டுச்சுன்னா திரும்பிப் பாக்காம வந்துருங்க.”

கோயமுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையில் ஓர் எண்ணெய்ச் சட்டி தென்பட்டது. பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து குனிந்து மோந்தார். கருகல். ராக்கியப்பன் காந்தத்தை நீட்டினார். ‘டக்’கென்று சட்டியில் ஒட்டிக்கொண்டது.

“போச்சுங் சகலை. மாமாவுக்குக் குடுத்து வெக்கலை,” என்றார் ராக்கியப்பன் கண்கலங்கி. மூவரும் திரும்பிப் பார்க்காமல் ஊர் வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் பின்னாலிருந்து கூப்பிட்டபோதுகூடத் திரும்பவில்லை.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். “பஜ்ஜி எண்ணெயா கேட்டேன்? கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கற சட்டியையல்ல சொன்னேன்! கடைக்கே போங்க! பெட்டியை இன்னும் கழட்டலை, ஒரு பழைய கார்லயேதான் இருக்குதாம். நல்லா சுத்திப் பாருங்க. அப்புறம் ஓட்டிப் பாருங்க. கியர் தானா மாறணும். நீங்க கையே வெக்கக் கூடாது.”

மறுநாள் கடையில் அந்தக் காரை மூவரும் மூன்று தரம் சுற்றி வந்தார்கள். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று கடைக்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு நாச்சிமுத்துவை ஓட்டும் சீட்டில் உட்காரவைத்து, இன்ஜினைக் கிளப்பி, கியரையும் போட்டுக் கொடுத்தார்.

நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டார்.

“கால் வெக்கலாமுங்களா சகலை?” என்றார் பின்சீட்டிலிருந்து செல்லக்குமார்.

“கையே வெக்கக் கூடாதுன்னாரு. காலை வெச்சா மரியாதையாவா இருக்கும்?”

“அதுவுஞ் சரிதானுங்.”

நாச்சிமுத்து காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். கார் மெல்ல நகர்ந்தது. சரிவில் இறங்கியதும் வேகம் பிடித்தது. உள்ளே ‘களுக்’கென்று ஒரு சத்தம்.

“மாறிருச்சு! தானா மாறிருச்சு!” என்று மூவரும் கைதட்டினார்கள்.

“பிரேக்கு! பிரேக்கு!” என்று கடைக்காரர் வெறுங்காலோடு ஓடி வந்தார்.

சரிவுக்கு அடியில் ஆள் உயரத்துக்குப் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கார் அதில் போய் ‘பொத்’தென்று மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த கடைக்காரரிடம் நாச்சிமுத்து முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: “பிரேக்குந் தானாப் புடிக்குதுங்ணா! பெட்டியை எடுத்துக்கறோம்.”

ராக்கியப்பன் கீழே இறங்கி, டயர் அடுக்கைக் கவலையோடு ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

“அப்படியே அந்த டயரையெல்லாம் சேத்து ஏத்திருங்ணா. பிரேக்கை இங்கயே விட்டுட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோனா, மாமா வண்டி எப்படிங் நிக்கும்?”