ராஜா வரவழைத்த இதயத் தராசு

கடல்மங்கலத்து ராஜா கொற்றங்காத்தானுக்குக் கோபம் வந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். அன்றைக்கு வந்திருந்தது. அவருடைய செல்லக் கிளியைக் காணோம்.

கிளிக்கூட்டைப் பார்த்துக்கொள்கிறவள் பவளக்கொடி, கைக்குழந்தைக்காரி. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் கூடு திறந்து கிடந்தது என்றாள். அமைச்சர் ஏகாம்பர ராயர் நம்பவில்லை. தினமும் காலையில் வணக்கம் சொல்லும்போதே நெஞ்சைத் தட்டி, 'இதில் கள்ளமில்லை மகாராஜா' என்று சொல்கிற மனிதர் அவர். இவள் கிளியை விற்றுவிட்டாள், தலையை வாங்குங்கள் என்றார். அவள் பிள்ளையை இறுக்கிய இறுக்கில் அது வீறிட்டது.

சபையில் அன்று இரண்டு விருந்தாளிகள். எகிப்திலிருந்து குதிரை விற்க வந்த மன்சூர் ஒருவர், கடற்கரை வேதக்கோயில் சந்தியாகு சாமியார் இன்னொருவர். உண்மையைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று ராஜா அவர்களைக் கேட்டார்.

மன்சூர் தம் நாட்டுப் பழங்கதை ஒன்றைச் சொன்னார். செத்தவனுடைய இதயத்தைத் தராசில் ஒரு தட்டில் வைப்பார்களாம், மறுதட்டில் ஓர் இறகு. பாவம் இருந்தால் இதயத்தட்டு இறங்கிவிடும். அரிவாள்மூக்கன் பறவையின் தலையுள்ள தெய்வம் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளும். அதற்குத் தெரியாதது இல்லை.

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் வேதத்திலும் கடவுள் இதயங்களை நிறுக்கிறார், தலைமுடியைக்கூட எண்ணி வைத்திருக்கிறார், கடைசி நாளில் புத்தகம் திறக்கிறார், அவருடைய ஆவியானவர் புறாவாக இறங்குகிறார் என்றார்.

"அப்படியானால் எங்கள் கதையை எடுத்துக்கொண்டீர்களா?" என்றார் மன்சூர்.

"கடவுள் ஒருவர்தானே ஐயா. உங்கள் ஊர் வழியாகவும் போயிருப்பார்."

ராஜாவின் காதில் விழுந்தது தராசு மட்டும்தான். கொண்டு வரச் சொன்னார், இவள் இதயத்தை எடை போட்டுவிடலாம் என்றார். விருந்தாளிகள் பதறினார்கள். அது செத்த பிறகு நடப்பது, கடவுளின் வேலை என்றார்கள். அதற்கும் ராயர் வழி வைத்திருந்தார். முதலில் சாகடித்துவிட்டால் போயிற்று.

தராசும் மயிலிறகும் வந்தன. அப்போதுதான் விகடன் குப்பாண்டி கொட்டாவி விட்டபடி எழுந்தான்.

"மகாராஜா, நம் கடைத்தெருவில் உங்கள் முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்த பிறகுதான் மிளகுகூட நிறுக்கலாம். மீறினால் கசையடி. நீங்கள் போட்ட சட்டம்."

"ஆமாம். கல்லை வை."

"இதயத் தராசுக்குக் கல் உதவாது மகாராஜா. கள்ளமே இல்லாத ஓர் இதயம் வேண்டும். அது இறகோடு சமமாக நின்றால்தான் தராசு சரி."

ராஜா தேடவே வேண்டியிருக்கவில்லை. "ராயரே, வாரும்," என்றார், பெருமையோடு.

ராயருக்கு நேற்றிலிருந்து ஜலதோஷமாம். நெஞ்சு சற்றுக் கனமாக இருக்குமாம். பரவாயில்லை, சளியின் எடையைக் கழித்துக்கொள்ளலாம் என்றான் குப்பாண்டி. சேவகன் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டதும் ராயர் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். கிளி தம் வீட்டு நெற்குதிருக்குள் இருக்கிறது என்றார்.

கிளியைக் கொண்டுவந்தார்கள். அது ராஜாவைப் பார்த்து, அச்சு அசல் ராயர் குரலில் பேசியது.

"ராஜா ஒரு மண்டு. ராஜா ஒரு மண்டு."

கூட்டருகே நின்று ராயர் தினமும் முணுமுணுத்ததைப் பாடம் பண்ணிவிட்டது. வெளியே சொல்லிவிடுமே என்றுதான் அதை ஒளித்திருக்கிறார். மன்சூரும் சாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் அறிந்த பறவை இந்த ஊரிலும் ஒன்று இருந்திருக்கிறது.

அன்றுமுதல் கிளிக்கூடு கழுவுகிற வேலை ராயருக்கு. பவளக்கொடி உட்கார்ந்து பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள். அது எட்டி மயிலிறகைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

ராஜாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. குப்பாண்டியை அருகே கூப்பிட்டு, கிளி சொன்னது உண்மையா என்று மெல்லக் கேட்டார்.

"மகாராஜா, விருந்தாளிகள் இருவரும் ஒன்றில் ஒத்துப்போனார்கள். உள்ளே இருப்பதைக் கடவுள்தான் அறிவார். அதையும் நாம் செத்த பிறகுதான் சொல்வார். எனக்கு அவசரமில்லை."

ராஜா சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டுகள் ஆடின. கழுத்து மாலையைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார். மயிலிறகையும் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். பிள்ளை தரவில்லை.