அடைப்புக்குறி மாறிய கேள்வி

கணக்கு வராதவர்களும் இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்லலாம். முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரி. அங்கே பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக் கணிதப் பாடம் ஒன்றை இரண்டு பேர் நடத்தினார்கள். யாரிடம் சேர்வது என்பது மாணவர் விருப்பம். கோமதிநாயகம் சார் இருபது கேள்வி கொடுப்பார். பதினைந்து தேர்வில் வந்துவிடும். வேலம்மாள் மேடம் நோட்ஸே கொடுக்க மாட்டார். கரும்பலகை முன் நிற்கவைத்து, எழுதும் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்பார்.

செல்லக்கனி மேடத்திடம் பெயர் கொடுத்தாள்.

"ஏட்டி, மார்க் போயிரும்," என்றாள் தோழி ரூபி.

"போன வருசம் மனப்பாடம் பண்ணினதுல ஒண்ணுகூட இப்ப ஞாபகம் இல்ல. இந்தத் தடவை புரிஞ்சு படிக்கணும்."

ரூபி சாரிடம் போனாள். வகுப்பின் கெட்டிக்காரன் முபாரக் மேடத்திடம் வந்தான்.

முதல் இரண்டு மாதம் செல்லக்கனி திண்டாடிப்போனாள். பலகையில் ஒரு வரி எழுதி, அதையும் அழித்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம். மூன்றாம் மாதம் ஒருநாள், மேடம் கேட்பதற்கு முன்பே "இது ஏன்?" என்று தன்னையே கேட்டுப் பதிலும் சொன்னாள். அன்று விடுதியில் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு வகுப்புக்கும் பொதுவான ஆண்டுத் தேர்வு வந்தது. முதலிடம் பெறும் ஒருவருக்குச் சென்னையில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி. பத்து மார்க் கேள்வி ஒன்றில் அடைப்புக்குறி மாறி அச்சாகியிருந்தது. அந்த ஒரு குறியால், நிரூபிக்கச் சொன்ன கூற்றே பொய்யாகிவிட்டது.

ரூபி அதைக் கவனிக்கவில்லை. படித்ததை ஒரு வரி பிசகாமல் எழுதினாள். முபாரக் கவனித்தான், ஆனாலும் எதிர்பார்க்கப்படும் விடையையே எழுதினான். செல்லக்கனி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு 'இந்தக் கூற்று தவறு' என்று எழுதி, அது பொய்யாகிற ஓர் எடுத்துக்காட்டும் கொடுத்தாள். மொத்தம் நாலு வரி.

திருத்தியவரும் குறியைக் கவனிக்கவில்லை. மற்ற இருவருக்கும் பத்து, இவளுக்கு சைபர். விடைத்தாளோடு துறைத்தலைவரிடம் போனாள். அவர் படித்துப் பார்த்துப் பத்து மார்க்கையும் போட்டார். "பிழை எங்களோடது. அதனால மத்தவங்க மார்க்கையும் குறைக்க மாட்டேன்," என்றார். கூட்டிப் பார்த்தால் மூவருக்கும் ஒரே மொத்தம், முதலிடமும் அதுதான். மூவரையும் அழைத்து, அச்சுப் பிழையைக் காட்டினார்.

"நான் பாக்கவே இல்ல சார்," என்றாள் ரூபி.

முபாரக்கை யாரும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: "நான் பாத்தேன் சார். மார்க் போயிரும்னு பயந்து, தப்புன்னு தெரிஞ்சே நிரூபிச்சு வச்சேன்."

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. செல்லக்கனிக்கு அவன்மேல் மதிப்புக் கூடிற்று.

இப்போது துறைத்தலைவர் நாற்காலியில் நீங்கள். பிசகாமல் எழுதிய ரூபி, கேட்காமலே உண்மை சொன்ன முபாரக், சைபருக்குத் துணிந்த செல்லக்கனி: இவர்களில் யாரைச் சென்னைக்கு அனுப்புவீர்கள்?

விடை: செல்லக்கனியை. ரூபி மேல் குற்றமில்லை. ஆனால் எதிரே இருந்த கேள்வியை அவள் படிக்கவே இல்லை. முபாரக்கின் நேர்மை பெரிது. ஆனால் அது தேர்வு முடிந்தபின் வந்தது. கடினமான வகுப்பை இருவர் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வு அறையில் கடினமான வழியை மறுபடியும் தேர்ந்தெடுத்தவள் ஒருத்திதான். துறைத்தலைவரும் அப்படியே தீர்த்தார். ஜூனில் கல்லூரி திறந்தபோது வேலம்மாள் மேடத்தின் மூன்றாம் ஆண்டு வகுப்புப் பட்டியலில் ரூபியின் பெயரும் இருந்தது. செல்லக்கனி நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள்.