நியூசிலாந்துக்கு வாக்கப்பட்டவர்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பாத்திரம், நாற்காலி, ஜமக்காளம் வாடகைக்கு விடுகிற கடை ஒன்றே ஒன்றுதான். அதை நடத்துகிறவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் வயிரவன், நடுவில் சொர்ணலிங்கம், கடைசி சாத்தையா. நடுவில் இருப்பவர் என் அக்கா விசாலாட்சியின் புருஷன். அதனால் அவர் எனக்கு அத்தான், மற்றவர்கள் பெரியத்தான், சின்னத்தான். மூன்று பேருமே நல்ல மனுஷர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காது.

பள்ளிக்கூடம் வேண்டாமென்று நின்ற நாளிலிருந்து நான் அந்தக் கடையில் கரண்டி கழுவிக்கொண்டிருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

மூன்று பேருக்கும் கல்யாணத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது. சொன்னால் சொன்னதை அப்படியே செய்வார்கள். பந்திக்கு இலை போடச் சொன்னால் போடுவார்கள். எடுக்கச் சொல்ல மறந்தால் அடுத்த முகூர்த்தம் வரை இலை அங்கேயே கிடக்கும்.

அக்கா நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக இங்கிலீஷ் பரீட்சை எழுதி எழுதி, மூன்றாவது தடவைதான் பாஸ் பண்ணினாள். உடனே இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். கனடாவில் ஒரு ஆஸ்பத்திரி, நியூசிலாந்தில் ஒன்று. மாதம் முடிவதற்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டும் போய்விடும். இன்னொரு தடவை பரீட்சை எழுத அவளுக்குத் தெம்பு இல்லை.

அத்தான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நாங்க மூணு பேரும் பிறந்ததுலருந்து பிரிஞ்சதில்ல. மூணு பேருக்கும் பிடிச்ச நாட்டுக்குத்தான் போறது. எங்களுக்குப் பிடிக்காட்டி யாரும் போகவேண்டாம்."

அக்கா சரி என்றாள். வேறென்ன சொல்லுவாள்? அவளும் அத்தானும் மகள் உமையாளும் வேலை விசாவில், மற்ற இருவரும் சுற்றிப் பார்க்கிற விசாவில் என்று பேச்சு.

திருச்சியில் ஏஜெண்ட் ஆரோக்கியராஜைப் போய்ப் பார்த்தோம். அவர் பாவம், புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமென்று ஆசைப்பட்டார்.

"குடும்பத்தோட போயி வாழப் போறீங்க. அவசரப்படாதீங்க. நாட்டைத் தேர்ந்தெடுக்கிறது கல்யாண சம்பந்தம் பேசுற மாதிரி. நாலையும் விசாரிச்சு, பொருத்தம் பாத்துச் செய்யணும்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை அவர் பேசின விசா, வரி, வாடகை எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. இது புரிந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராக ஜோசியர் வீடு.

"கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் பொருத்தம் பாக்கணும்," என்றார் பெரியத்தான்.

"ரெண்டுக்குமா?" என்றார் ஜோசியர்.

"ரெண்டும் எங்க குடும்பத்துக்கு. தனித்தனியா."

ஜோசியர் காசு வாங்கினவர், அதனால் பிறந்த தேதி கேட்டார். நான் போனில் தேடிக் கொடுத்தேன். கனடாவுக்குத் தேதி கிடைத்தது. வயசு நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. பெரியத்தான் முகம் சுளித்தார். நியூசிலாந்துக்குத் தேடினால் ஒன்றுக்கு மூன்று தேதி வந்தது, இதுதான் பிறந்தநாள் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

"ஸ்கூல்ல சேக்கும்போது மாத்திக் குடுத்திருப்பாங்க. என் சர்ட்டிபிகேட்லயும் அப்பிடித்தான் இருக்கு," என்றார் சின்னத்தான். அந்த நிமிஷமே நியூசிலாந்து மேல் அவருக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

ஜோசியர் பேனாவை மூடி வைத்தார். "எல்லாம் சரி. இதுல பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாரு?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நாமதானே ரெண்டு நாட்டுல ஒண்ணைத் தேடிப் பிடிக்கிறோம். அப்ப நாமதான் மாப்பிள்ளை வீடு," என்றார் அத்தான்.

"அவசரப்படாதடா சொர்ணம்," என்றார் பெரியத்தான். "பிறந்த வீட்ட விட்டுட்டுப் போறது யாரு?"

"நாம."

"போற எடத்துச் சாப்பாடு, போற எடத்துப் பழக்கம், எல்லாத்துக்கும் அனுசரிச்சுப் போறது யாரு?"

"நாம."

"போறப்ப அழப்போறது யாரு?"

சின்னத்தான் அப்போதே அழ ஆரம்பித்திருந்தார்.

"அப்ப நாமதாண்டா பொண்ணு," என்று முடித்தார் பெரியத்தான்.

முடிந்தது. பொண்ணு வீடு தேடிப் போகக் கூடாது. நாடுதான் வந்து பார்க்க வேண்டும். மறுநாளே முன் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கடையிலிருந்து நல்ல நாற்காலிகளாகப் பார்த்துக் கூடத்தில் போட்டார்கள். தினமும் சாயங்காலம் கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜி போட்டு, பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்தார்கள். யாரும் வரவில்லை. பஜ்ஜியை நானும் உமையாளும் தின்றோம்.

"மாசம் முடியப் போகுது மாமா," என்றாள் அக்கா பெரியத்தானிடம். "அவங்க யாரும் வரமாட்டாங்க. நாமதான் பதில் சொல்லணும்."

"பொண்ணு வீட்டுக்காரங்களா முந்திக்கிட்டு சம்மதம் சொன்னா என்ன நெனைப்பாங்க விசாலம்?"

சின்னத்தானுக்கு வேறு கவலை. "அப்பிடியே வந்தாலும், பஜ்ஜியத் தின்னுட்டு, ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்னு சொல்லிட்டுப் போயிட்டா?"

"அப்பிடித்தாண்டா சொல்லுவாங்க. நம்ம சித்தி மகளுக்கு எத்தனை பேரு சொல்லிட்டுப் போனாங்க. அதுக்காகப் பஜ்ஜி போடாம இருக்க முடியுமா?"

அக்கா அன்றைக்கு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். மறுநாள் வந்து சாதாரணமாகச் சொன்னாள். "ரெண்டு எடத்துலயும் வீடியோ கால்ல பேசணும்னு சொல்லியிருக்காங்க. தூரமில்லையா, நேர்ல வர முடியல. போன்லயே பாத்துக்கிறாங்களாம்."

இதை மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். துபாய் மாப்பிள்ளைகள் எல்லாரும் இப்போது அப்படித்தான் பார்க்கிறார்கள்.

முதலில் கனடா. அக்கா லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் மூன்று பேரும் பட்டு வேட்டியோடு, மடியில் வெற்றிலைத் தட்டு வைத்துக்கொண்டு வரிசையாக. கனடாக்காரர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் பக்கத்துக் கேமரா நின்றுபோனது. குரல் மட்டும்தான் வந்தது. அவர் ஊசி, மருந்து, டூட்டி நேரம் என்று கேட்டார், அக்கா அழகாகப் பதில் சொன்னாள்.

பேசி முடித்ததும் பெரியத்தான் தட்டைக் கீழே வைத்தார். "மூஞ்சியக் காட்டாமப் பேசுறாங்க. ஏதோ கொறை இருக்கு. வேண்டாம்."

நியூசிலாந்தில் ஒரு பெரிய நர்ஸம்மா வந்தார். முகம் நன்றாகத் தெரிந்தது. எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டு, "பின்னால் இருப்பது யார்?" என்றார். குடும்பம் என்றாள் அக்கா. அந்தம்மா சிரித்து, ரொம்ப அழகான குடும்பம் என்றார்.

"என்ன சொல்றாங்க அண்ணி?" என்றார் சின்னத்தான்.

"நம்ம குடும்பத்தைப் பிடிச்சிருக்காம்."

சின்னத்தான் தலையைக் குனிந்துகொண்டார். பெரியத்தான் கண்ணைத் துடைத்தார். அத்தான் உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்து வந்து எல்லார் வாயிலும் போட்டார். அன்றைக்கே அக்கா சம்மதம் எழுதி அனுப்பிவிட்டாள். சர்க்கரை கரைவதற்குள் அனுப்பினாள்.

கிளம்பும்போது சீர்வரிசை எடுத்துப் போனார்கள். வெறுங்கையோடு வாழப் போக முடியாதே. குத்துவிளக்கு, குடம், முறுக்கு, அதிரசம், தேன், நெய், ஆவக்காய். அக்கா தடுத்துப் பார்த்தாள், முடியவில்லை. அதன் பிறகு நடந்ததெல்லாம் அவள் போனில் எனக்குச் சொன்னதுதான்.

அந்த ஊர் ஏர்போர்ட்டில் சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோனால் சும்மா விடமாட்டார்கள். கையுறை போட்ட இரண்டு அதிகாரிகள் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. பெரியத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இத்தனை வருஷமாக் கல்யாண வேலை பாக்குறேன். சீரை இவ்வளவு மரியாதையாப் பிரிச்சுப் பாத்தவங்கள நான் பாத்ததில்ல."

தேனையும் நெய்யையும் அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். "மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடிச்சுப் போச்சு," என்றார் அத்தான். முறுக்கைத் திருப்பிக் கொடுத்ததில் மட்டும் சின்னத்தானுக்கு வருத்தம். அது அவர் சுட்டது.

அடுத்து, வெளி வாசலில் மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். ஆரத்தி எடுக்காமல் எப்படிக் காலை எடுத்து வைப்பது? பின்னால் வந்த கூட்டமெல்லாம் பெட்டியோடு தேங்கி நின்றது. அக்கா உமையாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரு கப் தக்காளி ஜூஸ் வாங்கி வந்து, மூன்று பேருக்கும் சுற்றி, குப்பைத் தொட்டியில் ஊற்றினாள். மூன்று பேரும் ஒன்றாக வலது காலை எடுத்து வைத்ததில் கதவில் மாட்டிக்கொண்டார்கள்.

உள்ளபடியே அங்கே அவர்களுக்குப் பிடித்திருந்தது. வீடு நன்றாக இருந்தது, குளிர் தாங்கும்படி இருந்தது, அக்கா வேலையில் சேர்ந்தாள், உமையாள் பள்ளிக்கூடம் போனாள். எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். போன சில நாளில் சின்னத்தான் காலண்டரைப் பார்த்துத் தொலைத்தார்.

"அண்ணே, நாளைக்கு ஆடி பிறக்குது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புதுப்பெண் ஆடி மாதம் புகுந்த வீட்டில் இருக்கக் கூடாது. பிறந்த வீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

எனக்குப் போன் வந்தது. "செல்லா, நீதான் இப்ப பிறந்த வீட்டுல இருக்க. வந்து எங்கள அழைச்சுக்கிட்டுப் போ," என்றார் பெரியத்தான்.

"எனக்குப் பாஸ்போர்ட்டே இல்ல பெரியத்தான்."

"அப்ப போன்லயே ஒரு வார்த்தை கூப்புடு. முறை விட்டுப் போகக் கூடாது."

கடையில் ஒரு வளைகாப்புக்கு ஆள் வந்து நின்றுகொண்டிருந்தது. தொல்லை விட்டால் போதும் என்று "வாங்க, வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

"அவளையும் பிள்ளையையும் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டேன்.

"அவ அங்க வேலைக்குப் போனவ. வாக்கப்பட்டது நாங்கதானே," என்றார் அத்தான்.

ஆடி முடிந்தது. அக்கா தினமும் போன் பண்ணினாள். "டிக்கெட் போட்டு அனுப்பட்டுமா? எப்ப வர்றீங்க?"

"நீ கூப்புட்டா எப்படி வர்றது? நீ எங்க பக்கத்து ஆளு. அவங்க வந்து முறையா அழைக்கட்டும்."

நாலைந்து தடவை கேட்டுவிட்டு அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள் என்றும் அனுப்பின போட்டோவில் தெரிந்தது. இங்கே இவர்கள் மறுபடியும் சுவருக்கு வெள்ளையடித்து, பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்து, சாயங்காலமானால் பஜ்ஜி போட்டுக் காத்திருந்தார்கள்.

போன வாரம் ஒரு நாள் தெருவில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பழைய செட்டியார் வீடுகளைப் பார்க்க வருகிறவர்களில் ஒருத்தர், கழுத்தில் கேமரா. எங்கள் வீட்டுச் சுவர் பளிச்சென்று இருந்ததால் நின்று ஒரு போட்டோ எடுத்தார்.

மூன்று பேரும் உள் அறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவிடுக்கில் பெரியத்தான் குரல் மட்டும் வந்தது. "உக்கார வச்சுப் பஜ்ஜியக் குடு. கூப்புட்ட ஒடனே வந்துட்டா மரியாதையில்ல. கொஞ்சம் காக்கட்டும்."

நான் கொடுத்தேன். அவர் தட்டில் இருந்ததையெல்லாம் தின்றார், தண்ணீர் குடித்தார், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மரியாதைக்கு வேண்டிய நேரம் ஆனதும் மூன்று பேரும் கையில் பெட்டியோடு வெளியே வந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது.

"எங்க?" என்றார் அத்தான்.

"போயிட்டாரு. பெல்ஜியத்துக்காரராம்."

"அது அவங்களுக்குச் சித்தப்பா வீடா இருக்கும்," என்றார் பெரியத்தான். "என்ன சொன்னாரு?"

"பஜ்ஜி நல்லா இருக்குன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

சின்னத்தானுக்கு உதடு துடித்தது. பெரியத்தான் பெட்டியைக் கதவோரம் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, தம்பியின் தோளைத் தட்டினார்.

"அழாதடா. ஊருக்குப் போயி லெட்டர் போடுவாங்க."