கிழக்கு கேலரியின் கண்ணாடித் துண்டு

கடலோர ஊர் ஒன்றில் ஒரு கால்பந்து ஸ்டேடியம் இருந்தது. முதலில் அங்கே வெறும் மணலும் நான்கு சவுக்குக் கம்புகளும்தான். பிறகு ஊரின் மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் ஆளுக்கொரு நடை கல் சுமந்து வந்தன. அந்தக் கல்லில் கிழக்கு கேலரி எழுந்தது. பதினொரு படி. நாற்பது வருடம் கழித்து, தகரக் கூரையும் மெத்தை நாற்காலியுமாக மேற்கே பெவிலியன் வந்தது.

கேலரிக்கு வயதானபோது ஐந்தாம் படிக்குக் கீழே, பக்கச் சுவரில் விரிசல் விழுந்தது. பார்க்க வந்த இன்ஜினியர் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். மைதானக் காவலர் ததேயுவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சுவர் நகர்ந்தா இது உடையும். உடைஞ்ச பிறகு ஒரு ஆளைக்கூட மேலே ஏத்தாதீங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் பெருக்க வரும்போது ததேயு கண்ணாடி மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். "இருக்கியா? இரு" என்பார். கண்ணாடிக்கு அந்த விரல் பிடிக்கும். பேச்சுதான் பிடிபடவில்லை. உடைவதற்கென்றே ஒட்டிய பொருளிடம் போய், தினமும் இரு இரு என்றால் அது என்ன செய்யும்?

இரண்டு வருடம் போனது. அந்த வருடப் போட்டியின் பைனலுக்கு முந்தின நாள் வெள்ளை பெயின்ட் வந்தது. விரிசலை மூடியது. கண்ணாடியையும் மூடியது.

"என்னை யாருக்கும் தெரியாதே" என்றது கண்ணாடி.

"நான் தெரிஞ்சா போதும்" என்றது பெயின்ட்.

மறுநாள் காலை ததேயுவின் விரல் வழக்கம்போல வந்தது. பெயின்ட்டுக்கு அடியில் கண்ணாடி முழுசாகவே இருந்தது. அவர் போய்விட்டார்.

மதியம் இரண்டரைக்கு பேண்டு செட்காரர்கள் உச்சிப் படியில் ஏறி டிரம்மைத் தட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடியது. டிக். இரண்டாகிவிட்டது.

யாருக்கும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு கிழக்கு கேட் திறக்க வேண்டும். வெளியே மூவாயிரம் பேர்.

"பெயின்ட்டே, என்னை விடு. நான் விழணும்."

"விழுந்தா பாக்க அசிங்கமா இருக்கும். பெரிய ஆளுங்க வர்ற நாள்."

கேலரி முனகியது. "சத்தம் போடாதே. மூணு மணி நேரம்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுடுவேன். நீ உடைஞ்சது தெரிஞ்சா என்னை இடிச்சுப் போட்டுடுவாங்க."

"போன வருசமும் இதைத்தான் சொன்னே."

"போன வருசமும் நின்னேனே!"

"இப்ப உன் குரல் நடுங்குதே."

"நடுங்கறது குரல் இல்லை" என்றது கேலரி மெதுவாக. "ஐந்தாம் படி."

டிரம் அடி விழ விழ, கண்ணாடி தன் உடைந்த விளிம்பை மயிரிழை மயிரிழையாக வெளியே தள்ளியது. பெயின்ட் கிழிந்தது. கிழிந்து என்ன? ததேயு இனி நாளைக் காலைதான் விரல் வைப்பார்.

கேட்டுக்கு வெளியே விசில் பறந்தது. பேண்டு செட்டைக் கீழே இறக்க ததேயு பக்கச் சுவரோரமாக வந்தார். கோயிலைக் கடக்கும்போது கை தானாக நெஞ்சுக்குப் போவதுபோல, அவர் கட்டைவிரல் தானாகச் சுவருக்குப் போனது.

வெள்ளைச் சுவரில் சிவப்புக் கோடு இழுத்தது.

ததேயு விரலைப் பார்த்தார். சாவியால் பெயின்ட்டைச் சுரண்டினார். இரண்டு துண்டு.

"கேட்டத் தொறக்காதிய!" என்று கத்திக்கொண்டே பேண்டு செட்டையும் விரட்டி இறக்கினார்.

கிளப் செயலாளர் வியாகுலம் ஓடி வந்தார். "வே, உமக்குக் கிறுக்கா? வெரல் கீறினதுக்கு கேட்டப் பூட்டணுமா?"

"கண்ணாடி ஒடஞ்சு போச்சு. ஆள ஏத்தக்கூடாதுன்னு இன்ஜினியர் சொல்லிருக்காரு."

"அவரு சொல்லி ரெண்டு வருசமாச்சு வே! சாவியக் குடும்."

ததேயு சாவியை நீட்டினார். "இந்தாரும். ஆனா மொத ஆளா ஒம்ம பிள்ளையளக் கூட்டிட்டு வந்து அந்த அஞ்சாம் படியில இருத்தும். பெறவு தொறயும்."

வியாகுலத்தின் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

கிழக்கு கேட் திறக்கவில்லை. கூட்டம் ததேயுவின் பரம்பரையையே திட்டிக்கொண்டு மேற்கு வழியாக உள்ளே வந்து, மைதானத்தின் மற்ற மூன்று பக்கமும் கயிற்றோரம் நின்றது. காலியான பதினொரு படியையும் பார்த்துச் சிரித்தது. "ததேயு, ஒம்ம கேலரி நல்லா காத்து வாங்குதுவே!"

அறுபத்தெட்டாம் நிமிடம் கோல் விழுந்தது. மூவாயிரம் பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். தரை அதிர்ந்தது. ஐந்தாம் படி மடங்கி, மேலிருந்த ஆறு படியையும் இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

புழுதி மைதானம் முழுக்கப் பரவியது. கோல் அடித்தவன் உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றான்.

மாதம் ஒன்று கழித்து இன்ஜினியர் மறுபடி வந்தார். இந்த முறை பெவிலியனின் பின்சுவரில் விழுந்த விரிசலுக்குச் சிமெண்ட் குழைத்தார்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று பெவிலியன் கூச்சப்பட்டது. புதுக் கண்ணாடி ஒன்றும் புரியாமல் மினுமினுத்தது.

"பழைய கண்ணாடி எப்படி? பரவாயில்லையா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

ததேயு கட்டைவிரல் தழும்பைத் தடவினார்.

"நல்ல கண்ணாடி சார். நேரத்துக்கு ஒடஞ்சுது."