பார்த்துக்கொள்ளச் சொன்ன பை

ஆவுடையப்பனின் குரலைக் கேட்காதவர்கள் அந்த நாட்டில் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

எந்த ரயில் நிலையத்துக்குப் போனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் குரல் வரும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. முன்பின் தெரியாதவர்கள் தரும் பையையோ பொருளையோ வாங்காதீர்கள். உங்கள் உடைமைகளைப் பிறரிடம் ஒப்படைக்காதீர்கள்." தங்கமான குரல். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரை விட்டு ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைநகரத்துச் சந்திப்பில் குண்டு வெடித்தது. நூற்று நாற்பது பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி ஆவுடையப்பனின் மனைவி செண்பகவல்லி. தங்கை வீட்டுக்குப் புறப்பட்டவள்.

தப்பிப் பிழைத்த டீக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். ஒரு பையன் வந்தானாம். "அக்கா, இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க, தண்ணி புடிச்சிட்டு வந்துடறேன்" என்றானாம். இவளும் சரி என்று பையை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டாளாம். பத்து நிமிஷம் கழித்து டீக்காரர், "அவனை இன்னும் காணோமேம்மா" என்றதற்குச் சிரித்தாளாம்.

இருபதாம் நாள் அரசாங்கம் அந்த அறிவிப்பைப் பதிவு செய்தது. ரயில்வேயில் அறிவிப்பாளராக இருந்தவர் ஆவுடையப்பன்தான். பிசிறு தட்டாமல் படித்தார். வீட்டுக்கு வந்து செண்பகத்தின் படத்தை டிரங்குப் பெட்டியில் கவிழ்த்து வைத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவ்வளவு கோபம், பாவம், அந்த மனுஷனுக்கு.

ஓய்வு பெற்றதும் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே குரு ஒரு பெண். மடத்தம்மா என்பார்கள். ஆவுடையப்பனுக்கு மகள் வயசுதான் இருக்கும். ஆறு மாசம் ஆவுடையப்பன் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டே விட்டார்.

"அம்மா, என் பெண்டாட்டி செஞ்சது பைத்தியக்காரத்தனம்தானே? எவனோ குடுத்தா வாங்கி வச்சுக்குவாளா ஒருத்தி?"

மடத்தம்மா கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். "நாளைக்கு ரயிலடிக்குப் போகணும். துணைக்கு வாங்க, ஐயா."

மறுநாள் இருவரும் சின்ன ஸ்டேஷனின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி தாமதம். பெஞ்சில் ஆளுக்கு ஆள் இடைவெளி. ஒவ்வொருவர் மடியிலும் அவரவர் பை.

"அந்தக் காலத்துல ரயில்னா எப்படி இருக்கும்?" என்றார் மடத்தம்மா.

அவ்வளவுதான், ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதை ஏன் கேக்கறீங்க! வண்டி கிளம்பறதுக்குள்ள புளிச்சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சிருவாங்க. எதிர்சீட்டுக்காரனுக்கு ஒரு உருண்டை குடுக்காம யாரும் சாப்பிட மாட்டாங்க. யார் பெத்த பிள்ளையோ நம்ம மடியில தூங்கும், சட்டையெல்லாம் எச்சி. இறங்கறப்போ முகவரி குடுத்து, 'அவசியம் வீட்டுக்கு வரணும்'பாங்க. சில பேர் நெசமாவே போயிட்டு வருவாங்க!"

"நீங்க அப்படிப் போனதுண்டா?"

"போனது என்ன, கட்டிக்கிட்டே வந்துட்டேன்!" என்று சிரித்தார். "வேலைக்கு நேர்காணல்னு வந்திருந்தேன். இடம் விசாரிக்கணும். பையில சர்டிபிகேட்டு மொத்தமும் கிடக்கு. பெஞ்சுல ஒரு அம்மாவும் பொண்ணும் இருந்தாங்க. பாத்துக்கங்கன்னு குடுத்துட்டுப் போனேன். போன இடத்துல வரிசையில நிறுத்திட்டான். ரெண்டு மணி நேரம்! அவங்க போகவேண்டிய பாசஞ்சர் போயே போச்சு. அந்தம்மா என்னைத் திட்டாத திட்டு இல்ல. 'பையை அப்படியே போட்டுட்டு ஏறுடி'ன்னிருக்காங்க. இவ அசையலையே. 'குடுத்துட்டுப் போனவரு வராமலா போயிடுவாரு?'ன்னு உட்கார்ந்துட்டா."

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் ஓடி வந்தப்போ பையை மடியில வச்சிருந்தா, அம்மா. கீழேகூட வைக்கல."

மடத்தம்மா எழுந்தார். தன் துணிப்பையை அவர் மடியில் வைத்தார். "கொஞ்சம் பாத்துக்கங்க, ஐயா. தண்ணி புடிச்சிட்டு வந்துடறேன்."

ஆவுடையப்பனுக்கு ரத்தம் சுண்டிவிட்டது. விளையாடுவதற்கு வேறு விஷயமா கிடைக்கவில்லை இந்த அம்மாவுக்கு! பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். வைக்கவில்லை. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தலைக்கு மேல் அவர் குரலே மூன்று தடவை வாங்காதே வாங்காதே என்று சொல்லி ஓய்ந்தது.

எதிரே ஓர் இளம்பெண். இடுப்பில் வயிற்றுப்போக்கால் நனைந்து அழும் குழந்தை. கையில் இரண்டு மூட்டை. குழாயடி பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில். அவள் மூட்டைகளைத் தூக்குவதும் இறக்குவதுமாகத் தவித்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "இங்க வச்சுட்டுப் போ, தாயி. நான் பாத்துக்கறேன்."

அவள் சட்டென்று மூட்டையை நெஞ்சோடு அணைத்தாள். "வேணாங்க." பயந்துபோய் ஒலிபெருக்கியைக் காட்டினாள். "அதான் மைக்ல சொல்லிக்கிட்டே இருக்காங்களே."

குழந்தையையும் மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் குரலே என்னுதுதான் தாயி என்று அவர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மடத்தம்மா சாவகாசமாக வந்தார். பை ஆவுடையப்பன் மடியில்தான் இருந்தது.

"பயந்துட்டீங்களா?"

"பயமா? உசிரு போயிட்டு வந்துச்சு, அம்மா."

"அப்ப போட்டுட்டுப் போயிருக்கலாமே?"

"அதெப்படி? குடுத்துட்டுப் போனவங்க வராமலா போயிடுவாங்க?"

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று அவர் காதில் விழுந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மெல்லச் சொன்னார்.

"அவன் வரலையே, அம்மா."

"ஆமா. வராம போனவன் அவன்," என்றார் மடத்தம்மா. "பன்னிரண்டு வருஷமா நீங்க யார் மேல கோவமா இருக்கீங்க, ஐயா?"

ஒலிபெருக்கியில் ஆவுடையப்பனின் குரல் மறுபடியும் பயணிகளின் கனிவான கவனத்தைக் கேட்டது. பெஞ்சில் இருந்த ஆவுடையப்பன் பையை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை.