மூன்றாவது அழுகை

செண்பகவல்லி மடத்துக்கு வந்தபோது நிற்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்தாள். தோளுக்கு ஒன்றாக இரட்டைப் பிள்ளைகள். இன்னும் பெயர் வைக்கவில்லை. மூத்தவள் வடிவுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி பின்னால் நின்றாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே செண்பகவல்லி இந்த மடத்துச் சிஷ்யை. குருவும் பெண்தான், அவளைவிட இளையவர். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பார், சிஷ்யை குருவைச் சாமி என்பாள். ஊரார் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

"எனக்கு ஞானமெல்லாம் வேண்டாம் சாமி. ஒரு தாயத்து கட்டி விடுங்க."

"யாருக்கு?"

"வீட்டுக்கு."

குரு கை நீட்டி ஒரு பிள்ளையை வாங்கிக்கொண்டார். செண்பகவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உச்சிப்பொழுதுல வீட்டுல ஒரு பிள்ளை அழுவுது சாமி. இவனுங்க ரெண்டு பேரும் தொட்டில்ல தூங்குவாங்க. வடிவு பாயில தூங்குவா. நான் புறவாசல்ல துணி அலசிட்டு இருப்பேன். அப்ப உள்ளறையில இருந்து சத்தம் வரும். பச்சப்பிள்ளை சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா எல்லாம் அசையாம தூங்குது."

"தூக்கக் கலக்கமா இருக்குமோ?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியாது. ஆனா..." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பால் சுரக்குது. ரவிக்கை நனைஞ்சு போகுது. இல்லாத பிள்ளைக்கு எப்படி சாமி சுரக்கும்?"

குரு கையிலிருந்த பிள்ளையை மடியில் கிடத்தினார்.

ஊர் சும்மா இருக்குமா? பிள்ளைக்கு மருந்து கொடுக்க ஆள் வராது, யோசனை சொல்ல வரிசையில் வரும். கோடாங்கி வந்து உடுக்கை அடித்துப் பார்த்தான். பால் குடிக்காமல் செத்த ஏதோ ஒன்று பால் வாசனைக்கு வந்திருக்கிறது என்றான். சத்தம் கேட்டால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்ட வேண்டும், அசந்தால் கவனிக்க ஆளில்லாத பிள்ளையைத்தான் அது முதலில் பிடிக்கும் என்றான். கவனிக்க ஆளில்லாத பிள்ளை வடிவுதான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவளைத் தூத்துக்குடியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று செண்பகவல்லியின் புருஷன் முடிவு செய்துவிட்டான். தம்பிகள் நடக்கிறவரைக்கும் அவள் அங்கேயே இருக்கட்டும் என்றான்.

"நாளைக்குச் சாயங்காலம் நாத்தனார் வந்து கூட்டிட்டுப் போறாங்க," என்றாள் செண்பகவல்லி.

"அனுப்ப மனசு இருக்கா?"

"இல்ல." தோளில் கிடந்தவனை மடிக்கு மாற்றினாள். "ஆனா ஒரு பிள்ளை குறைஞ்சா கொஞ்சம் கண்ணசரலாம்னும் தோணுது சாமி. பெத்தவளுக்கு இப்படித் தோணலாமா? என்னைப் பார்த்தா எனக்கே வெறுப்பா இருக்கு."

"வடிவு ரொம்பப் படுத்துறாளா?"

"அவளா? தங்கம் சாமி. இருக்கற இடமே தெரியாது. தம்பிங்க பிறந்ததுல இருந்து பேச்சுகூடக் குறைஞ்சு போச்சு."

குரு வடிவைப் பார்த்தார். வடிவு, குருவின் மடியில் கிடந்த தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயத்து என்கிட்ட இல்ல அக்கா. நாளைக்கு உச்சிக்கு நான் வீட்டுக்கு வர்றேன்."

மறுநாள் குரு போனபோது பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றி முடிந்திருந்தது. வீடெங்கும் சாம்பிராணிப் புகை. ஒருவன் தூக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தான். அடுத்தவன் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். சோர்ந்துபோன அந்த முகத்திலும் அப்போது ஒரு பூரிப்பு வந்தது. இதில் சுகமே இல்லை என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். சுகம் இருந்தது, அதைத் தாங்கத்தான் உடம்பு இல்லை.

இரண்டு பேரையும் சேலைத் தொட்டில்களில் போட்டாள். வடிவு பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். குருவும் சிஷ்யையும் புறவாசலில் போய் உட்கார்ந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. தெருவில் நாய்கூட நடமாடவில்லை.

அழுகை வந்தது.

மெல்லிய, விட்டு விட்டு வருகிற அழுகை. பிறந்த பிள்ளை மூச்சுக்குத் திணறி அழுவது போல இருந்தது.

"கேக்குதா சாமி?"

"கேக்குது."

அதைக் கேட்டதும் செண்பகவல்லிக்குக் கூடுதலாகப் பயம் வந்தது. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று அதுவரை அவள் மனதுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தாள். ரவிக்கை நனைந்தது. அவள் விளக்குமாற்றை எடுத்தாள்.

குரு அவள் கையைப் பிடித்தார். "தொட்டில்ல கிடக்கறவன் அழுதா இதை எடுத்துக்கிட்டா போவீங்க?"

"அவனைத் தூக்கப் போவேன்."

"அப்படியே போங்க. ஓடாதீங்க. கண்ணை மூடிக்கோங்க, திறக்காதீங்க. அவனுங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போவீங்களோ அதையே சொல்லிட்டுப் போங்க. சத்தம் வர்ற இடத்துல கையை நீட்டுங்க. கையில வர்றதுக்குப் பால் கொடுங்க."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

செண்பகவல்லி சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். "வந்துட்டேன் கண்ணு, அம்மா வந்துட்டேன்," என்று அவள் வாய் முணுமுணுத்தது. ஒரு தொட்டில் தோளில் இடித்தது. உள்ளே இருந்தவன் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது தொட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். அதிலும் அழுகை இல்லை.

சத்தம் தரையிலிருந்து வந்தது.

அவள் குனிந்தாள். தொட்டிலுக்கு அடியில் குவித்துப் போட்டிருந்த பழந்துணிகளுக்குள் கை போனது. ஏதோ ஒன்று அவள் விரலைப் பிடித்தது.

அழுகை நின்றது.

கண்ணைத் திறக்க அவளுக்குத் துணிவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அதைத் துணியோடு மடியில் இழுத்துப் போட்டாள். கனத்தது. பச்சப்பிள்ளையின் கனம் இல்லை. நெற்றியைத் தடவினால் முடி அடர்ந்து கிடந்தது. குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ரவிக்கையை விலக்கினாள். சூடான மூச்சு மார்பில் பட்டது. ஆனால் வாய் வைக்கவில்லை.

"கசக்குமா?" என்று அது கேட்டது.

செண்பகவல்லி கண்ணைத் திறந்தாள்.

தம்பிகளின் துணியைச் சுற்றிக்கொண்டு, அவர்களைப் போலவே கை இரண்டையும் மூடி வைத்துக்கொண்டு, மடியில் வடிவு கிடந்தாள்.

குரு நிலைப்படியில் வந்து நின்றார். செண்பகவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவனுங்க வயித்துல இருக்கும்போது வேப்பெண்ணெய் தடவிக் கொடுத்தேன் சாமி. பால் மறக்க எல்லாரும் செய்றதுதான். ஒரு தடவை வாய் வச்சா. என் மூஞ்சியைப் பார்த்தா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. ஒரே நாள்ல மறந்துட்டா, நல்ல பிள்ளைன்னு எல்லாரும் மெச்சினாங்க. நானும் சந்தோஷப்பட்டேன். நான் ஓடி வர்ற சத்தத்துக்குப் பாயில போய்ப் படுத்துக்கிட்ட இவளை விரட்டவா இத்தனை நாளும் விளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு வந்தேன்?"

வடிவு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"கசக்காதுடி என் கண்ணு," என்றாள் செண்பகவல்லி.

வடிவு கொஞ்சம்தான் குடித்தாள். மீதி நேரமெல்லாம் அம்மாவின் ரவிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

"நாத்தனார் வரட்டும். சாப்பாடு போட்டு அனுப்பறேன். இவ எங்கேயும் போகமாட்டா," என்றாள் செண்பகவல்லி. சொல்லும்போதே அவள் தலை சுவரில் சாய்ந்தது. எத்தனையோ நாள் தூக்கம் ஒன்றாகச் சேர்ந்து வந்து அவளை இழுத்தது. குரு பக்கத்தில் உட்கார்ந்தார். வீடு அமைதியாக இருந்தது.

தொட்டிலுக்கு அடியிலிருந்து மறுபடியும் அழுகை வந்தது.

செண்பகவல்லி விழித்தாள். மடியில் வடிவு வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தொட்டில்களும் அசையவில்லை. துணிக் குவியலில் ஒருவரும் இல்லை. அழுகை அங்கிருந்துதான் வந்தது. அவளுக்குப் பால் சுரந்தது.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு குருவைப் பார்த்தாள்.

குரு எழுந்தார்.

"நீங்க தூங்குங்க அக்கா. இதுக்கு நான் போறேன்."